பதினேழாம் எண் கேமராவுக்குப் போகாத மனிதர்

சிலேட்டுக்காரரை வேலையை விட்டு அனுப்பியதற்கு எங்கள் இயக்குநர் சொன்ன காரணம், அவர் ஆறு மாதமாக ஓடைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது. இதை யார் சொல்வது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா? எங்கள் இயக்குநர் அந்த ஓடையைப் பார்த்ததெல்லாம் சுவரில் மாட்டிய வரைபடத்தில்தான், அதுவும் ஒரு நீலக் கோடாக. ஒருமுறை நேரில் அழைத்துப்போனபோது காலணி சேறாகிவிடும் என்று காரைவிட்டே இறங்கவில்லை.

எங்களுடையது காட்டுயிர் ஆய்வு மையம். பெயர் பெரிது, இடம் ஒரு டயர்க் கடைக்கு மேலே இரண்டாம் மாடி. மூன்று அறைகள், ஒரே ஒரு ஏசி. அந்த ஏசி கம்ப்யூட்டர் சர்வர் இருக்கும் அறையில் ஓடும், மனிதர்களுக்கு மின்விசிறி. இயக்குநர் அறையில் ஆளுயரத்துக்கு ஒரு சிறுத்தைப் படம் இருக்கிறது. நன்கொடை கொடுப்பவர்கள் வந்தால் அதன் முன்னால் நின்றுதான் கைகுலுக்குவார். அதனால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் சிறுத்தை சார். சோப்புக் கம்பெனியில் விற்பனை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். சிறுத்தையைத் தவிர மற்றது எதுவும் அவர் கண்ணுக்கு உயிரினமாகவே தெரியாது.

என் வேலை படம் பார்ப்பது. மரத்தில் கட்டி வைத்த கேமராவின் முன்னால் எது அசைந்தாலும் அது தானாகப் படம் எடுத்துக்கொள்ளும். நூறு படம் வந்தால் அதில் தொண்ணூறு காற்றில் ஆடிய கிளையாக இருக்கும். மீதிப் பத்தில் மாடு, நாய், கொக்கு. என்றைக்காவது ஒன்று, பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்க வைக்கிற படம். ஒன்பது வருடமாக இதைத்தான் செய்தேன். கண்ணாடியின் கனம் மூன்று தடவை கூடியிருக்கிறது. எனக்கு வாய் நீளம் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். இருந்துவிட்டுப் போகட்டும், கண் குறைந்ததை வாய் ஈடுகட்டுகிறது.

அந்தப் படங்களை எனக்குக் கொண்டுவந்து சேர்ப்பவர் சிலேட்டுக்காரர். மையத்துக்கு மொத்தம் நாற்பது கேமரா. காட்டுக்குள் இருக்கும் முப்பதும் புதுசு. அவை சிறுத்தைக்காக வாங்கியவை. அவற்றைப் பார்த்துக்கொள்ள மோட்டார் சைக்கிளோடு இரண்டு பேர். ஊருக்கு வெளியே ஓடும் ஓடைக்கரையில் பதினொன்று முதல் இருபது வரை எண் போட்ட பத்துக் கேமரா. அவை யாரோ கழித்துக்கட்டிய பழசு. ஒரே வாரத்தில் பேட்டரியைக் குடித்துத் தீர்த்துவிடும். அதைவிட மோசம், பேட்டரியைக் கழற்றியதும் அதற்குள் இருக்கும் கடிகாரம் எப்போதோ போன ஒரு வருடத்தின் ஜனவரி முதல் தேதிக்குப் போய் நின்றுகொள்ளும். சரிசெய்யும் பொத்தான்கள் என்றைக்கோ உடைந்துவிட்டன. புதுசு வாங்கித் தாருங்கள் என்று கேட்டால், நீர்நாய்க்கு இது போதாதா என்பார் சிறுத்தை சார்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவர் சிலேட்டுக்காரர்தான். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கிற மாதிரி ஒரு சிலேட்டு வாங்கினார். பேட்டரி மாற்றியதும் அதில் கேமரா எண்ணையும் அன்றைய தேதியையும் மணியையும் சாக்பீஸால் எழுதி, நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கேமரா முன்னால் வந்து நிற்பார். கேமரா அவரைப் படம் எடுக்கும். அதை வைத்து, அதற்குப் பின்னால் வரும் படங்களின் தேதியை எல்லாம் நான் இங்கே உட்கார்ந்து திருத்திவிடுவேன். வாரம் பத்துப் படத்தில் அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். மழையில், வெயிலில், ஜலதோஷத்தில், ஒருமுறை கன்னம் வீங்கிய பல்வலியில். என் கூடப் பிறந்த அண்ணனைக்கூட நான் இத்தனை தடவை பார்த்ததில்லை.

அதற்கு முன் அவர் குடிநீர் வாரியத்தில் வீடுவீடாகப் போய் மீட்டர் பார்த்தவர். பத்தொன்பது வருடம். நாய் கடித்தது இரண்டு தடவை, பூட்டிய கேட்டை ஏறிக் குதித்ததற்கு அளவே இல்லை. அந்த வேலையில் சிலர் வீட்டுக்கே போகாமல் போன மாதத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாக எழுதிவிடுவார்களாம். அவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடக்கூட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். பிறகு தானே எண்ணை அனுப்பும் மீட்டர் வந்தது, அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து இங்கே வந்தார். பாவம், இங்கேயும் மெஷின் துரத்திக்கொண்டு வரும் என்று அவருக்கு யார் ஜாதகம் பார்த்துச் சொல்வது?

போன வருடம் நகராட்சிக்கு ஓர் ஆசை வந்தது. ஓடையின் இரண்டு கரையையும் கான்கிரீட் போட்டு மூடி, மேலே நடைபாதை அமைத்து, விளக்கும் வைக்க வேண்டுமாம். காலையில் நடக்கிறவர்களுக்கு வசதியாக இருக்குமாம். ஆனால் சட்டம் ஒன்று குறுக்கே நின்றது. அங்கே நீர்நாய் வாழ்ந்தால் கரையைத் தொடக் கூடாது. நீர்நாய் கரையில் வளை தோண்டித்தான் குட்டி போடும், கான்கிரீட்டில் எந்த நகமும் இறங்காது. இருக்கிறதா இல்லையா என்று ஆறு மாதம் பார்த்துச் சொல்லும்படி எங்கள் மையத்திடம் கேட்டார்கள்.

இருக்கிறது என்று சிலேட்டுக்காரர் முதல் வாரமே சொன்னார். பதினேழாம் எண் கேமராவை அவர் கட்டியதே நீர்நாய்கள் கும்பலாக வந்து கழிந்துவிட்டுப் போகிற ஒரு பாறைக்கு எதிரில்தான். மீன் செதில் கலந்த கழிவு, ஈர மண்ணில் கால்தடம், ஒரு நாள் காலையில் கண்ணெதிரே இரண்டு தலை தண்ணீரில் போனது, எல்லாவற்றையும் இயக்குநரிடம் சொன்னார். படம் இருக்கா என்று கேட்டார் சிறுத்தை சார். கேமராவில் விழும் சார் என்றார் இவர். விழட்டும், கண்ணால் பார்த்ததெல்லாம் ஆதாரம் ஆகாது என்று அனுப்பிவிட்டார். நியாயம்தானே. மனிதனுக்குக் கண் எதற்கு இருக்கிறது, கண்ணாடி மாட்டிக்கொள்ளத்தானே.

அதே மாதம்தான் மென்பொருள் வந்தது. படங்களை அதுவே பார்த்து, அதுவே விலங்கைக் கண்டுபிடித்து, அதுவே பட்டியல் போடும் என்றார்கள். கொண்டுவந்தவன் ஒரு தம்பி. கழுத்தில் அட்டை, காலில் வெள்ளை ஷூ, பேச்சில் பாதி புரியாது. நான் ஒன்பது வருடம் பார்த்த படங்களை அது ஒன்பது மணி நேரத்தில் பார்த்துவிடும் என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னான். கேமராவின் மெமரி கார்டைக் கொண்டுவருகிறவரே வாசலில் வைத்த ஒரு பெட்டியில் செருகினால் போதும், படம் எல்லாம் அவர்கள் கம்பெனிக்குப் போய்விடும், கார்டும் தானே துடைத்துக்கொள்ளும். மெஷின் சலித்துக் கொடுத்ததைப் பார்த்து நான் சரி என்று ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. நானும் ஐந்து மணிக்கே வீட்டுக்குப் போகப் பழகிக்கொண்டேன்.

முதல் மாதம் ஓடைக் கேமராக்களிலிருந்து ஒரு படம்கூட வரவில்லை. ஒரு நாய் இல்லை, ஒரு கொக்கு இல்லை, ஆடும் கிளைகூட இல்லை. தம்பியைக் கேட்டேன். எல்லாம் நார்மல் மேடம் என்றான். நார்மல் என்ற வார்த்தையைக் கேட்டதும் மனிதருக்கு மூளை தூங்கிவிடும் போலிருக்கிறது. எனக்குத் தூங்கியது. ஐந்து மாதம் தூங்கியது. ஆறாம் மாதக் கடைசியில் சிறுத்தை சார் அறிக்கையோடு என் மேசை பக்கத்தில் நின்றுகொண்டு அவசரப்படுத்தினார். பதினொன்று முதல் இருபது வரை படம் எதுவும் இல்லை, சரிபார்க்கப்பட்டது என்று கடைசிப் பக்கத்தில் அச்சடித்திருந்தது. கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகுதான் கூத்து. படமே இல்லை என்றால் ஆள் போகவே இல்லை என்று சிறுத்தை சார் முடிவு கட்டினார். பேட்டரி மாற்றாமல் வீட்டில் படுத்துக்கொண்டு சம்பளம் வாங்கியிருக்கிறான் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். சரி, அப்படியென்றால் ஆய்வே நடக்கவில்லை என்றுதானே நகராட்சிக்கு எழுத வேண்டும்? அதுதான் இல்லை. அவர்களுக்குப் போன அறிக்கையில், ஆறு மாதத்தில் நீர்நாய் எதுவும் பதிவாகவில்லை என்று இருந்தது. உள்ளே ஒரு பேச்சு, வெளியே ஒரு பேச்சு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன், இவர் தோட்டத்தையே மறைத்தார்.

சிலேட்டுக்காரர் கத்தவில்லை. அறிக்கையின் ஒரு பிரதியை அவர் கையில் கொடுத்து, வெளியேற்றும் கடிதத்தையும் கொடுத்தார்கள். நின்றபடியே இரண்டையும் முழுக்கப் படித்தார்.

"நான் போனேன் சார். வாராவாரம் போனேன். நான் போகலேன்னு நீங்க எழுதினா அந்த ஓடையில ஒண்ணும் இல்லேன்னு ஆயிடும். எனக்காக வேணாம், அதுக்காகவாவது ஒருதடவ வந்து பாருங்க."

சிறுத்தை சார் செல்போனைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார். அது ஆமாம் என்று ஆட்டியதா, போ என்று ஆட்டியதா என்று யாருக்கும் தெரியாது. சிலேட்டுக்காரர் மேசை மேல் பேட்டரிப் பையை வைத்துவிட்டு மாடிப்படி இறங்கிப் போனார்.

அன்று சாயங்காலம் நான் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகவில்லை. தம்பியைப் பிடித்து உட்காரவைத்து, உன் மெஷின் படத்தை என்னதான் செய்கிறது, ஒன்று ஒன்றாகச் சொல் என்றேன். அவன் பெருமையாகச் சொன்னான். முதலில், மனிதர் இருக்கும் படங்களை எல்லாம் அழித்துவிடும். யாருடைய அந்தரங்கத்துக்கும் கெடுதல் வரக் கூடாது அல்லவா? அடுத்து, ஆய்வுக் காலத்துக்கு வெளியே தேதி உள்ள படங்களைத் தள்ளிவிடும். பிறகுதான் விலங்கைத் தேடும்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சிலேட்டோடு நிற்கும் மனிதரை முதலில் அழித்தாயிற்று. அவர் போனால் தேதியைத் திருத்த வழி இல்லை. திருத்தாத படமெல்லாம் ஏதோ பழைய ஜனவரி என்று இரண்டாவதாகக் குப்பைக்குப் போயிற்று. உலகத்தில் சிலேட்டு பிடித்துத் தேதி சொல்கிற கூட்டம் நாங்கள் ஒன்றுதான் இருப்போம். எங்களை யாரும் மெஷினிடம் சொல்லவில்லை, மெஷின் எங்களைக் கேட்கவும் இல்லை.

மறுநாள் இயக்குநரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அழிந்துபோன படத்துக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார். பிறகு மெதுவாக இன்னொன்றும் கேட்டார். அப்படியானால் சரிபார்த்ததாக நீ எதற்கும்மா கையெழுத்துப் போட்டாய்? அதோடு என் நீளமான வாய் மூடிக்கொண்டது. எனக்கு வீட்டு வாடகை இருக்கிறது, கல்லூரியில் படிக்கும் பெண் இருக்கிறாள் என்று இரண்டு மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாம் நல்ல காரணங்கள்தான். கோழைக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

அந்த இரண்டு மாதமும் சிலேட்டுக்காரர் ஒரு வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்தார். அவர் மனைவியை எனக்கு நன்றாகத் தெரியும். அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். துணி தேய்த்துக் கொடுப்பவர், என் புடவைகளும் அவரிடம்தான் போகும். அந்த இரண்டு மாதம் நான் புடவையைத் தேய்க்கக் கொடுக்கவில்லை, கசங்கலாகவே கட்டிக்கொண்டு போனேன். புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதே இல்லை என்று டயர்க் கடைக்காரர் சொன்னார். வேலை போன வீடு வேறு எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கான்கிரீட்டுக்கு அனுமதி கொடுக்கிற கூட்டம் நகராட்சி அரங்கில் நடந்தது. முடிவெடுக்க வேண்டியவர் ஒரு பொறியாளர் அம்மா, அதிகம் பேசாதவர். சிறுத்தை சார் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். முதலில் நவீனத் தொழில்நுட்பத்தால் காட்டுயிரைக் காப்பது எப்படி என்று தம்பி திரையில் காட்டினான். சிறுத்தை வந்தது, கை தட்டினார்கள். மான் வந்தது, கை தட்டினார்கள். அடுத்து, எங்கள் மென்பொருள் மனிதரை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை சரியாக அடையாளம் காணும் என்று சொல்லி, எடுத்துக்காட்டாக ஒரு படத்தைப் போட்டான்.

திரை முழுக்க சிலேட்டுக்காரர் நின்றார். சுற்றிலும் பச்சைக் கட்டம், மேலே மனிதர் என்று எழுத்து. அந்தரங்கத்துக்காக முகத்தை மட்டும் மங்கலாக்கியிருந்தார்கள். சிலேட்டு பளிச்சென்று தெரிந்தது. கேமரா பதினேழு, தேதி, காலை ஏழு நாற்பது. தேதி ஆய்வுக் காலத்தின் நட்டநடுவில் இருந்தது. அதற்கும் கை தட்டினார்கள்.

நான் எழுந்து நின்றேன்.

"இந்தப் படத்துல இருக்கிறவரத்தான் அந்த இடத்துக்குப் போகவே இல்லேன்னு வேலைய விட்டு அனுப்பினோம்" என்றேன்.

சிறுத்தை சார் என் முந்தானையைப் பிடித்து இழுக்காத குறை. பொறியாளர் அம்மா அவரை உட்காரச் சொல்லிவிட்டு, மிச்சத்தையும் சொல்லும்படி என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அழித்ததாகச் சொன்ன படம் இங்கே எப்படி வந்தது? தம்பி ஷூவைப் பார்த்தான். அழித்தது எங்களுக்குத்தானாம். அவர்கள் கம்பெனியில் எல்லாவற்றையும் வைத்திருந்தார்களாம், மெஷினுக்கு மனிதரைக் கற்றுக்கொடுக்க. அந்தரங்கம், அந்தரங்கம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, மனிதரை அவர்கள் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள். தள்ளிவிட்ட மற்றப் படங்களும் அங்கேதான் இருந்தன. இரண்டு நாளில் அத்தனையும் மேசைக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டு அந்த அம்மா கூட்டத்தை முடித்தார்.

வந்தன. இருபத்தாறு வாரம், பத்துக் கேமரா, இருநூற்று அறுபது படத்தில் சிலேட்டோடு அவர். ஒரு வாரம்கூட விட்டுப்போகவில்லை. பழைய முறைப்படி தேதி திருத்தினேன், கண் எரிய எரிய. நூற்று நாற்பத்து மூன்று படத்தில் நீர்நாய் இருந்தது. பதினேழாம் எண்ணில் ஒரு தாயும் மூன்று குட்டிகளும், பாறை மேல் வரிசையாக உட்கார்ந்து, கேமராவை வெறித்துப் பார்த்துக்கொண்டு. கான்கிரீட் நின்றது. சிறுத்தை சார் ஒரே ராத்திரியில் நீர்நாயின் உற்ற நண்பராகி, பத்திரிகைக்காரர்களிடம் எங்கள் மையத்தின் சாதனை என்று பேட்டி கொடுத்தார். வெட்கம் என்பதும் அழிந்துவரும் இனம்தான் போலிருக்கிறது. அதை எந்தக் கேமராவும் பதிவு செய்யவில்லை.

பேட்டியில் அந்த ஊழியர் எங்கே என்று யாரோ கேட்டுவிட்டார்கள் போலும். மறுநாளே சிறுத்தை சார் அவரைத் திரும்ப அழைத்துவரப் புறப்பட்டார். துணைக்கு நான். வீடு ஒரு சந்தில், ஒரே அறை. பாதி அறையைத் தேய்க்கும் மேசை அடைத்துக்கொண்டிருந்தது, மீதியில் கட்டில். கொடி முழுக்க அடுத்தவர் சட்டைகள். சிறுத்தை சார் சட்டைகளுக்கு நடுவில் குனிந்து நுழைந்து, தவறு நடந்துவிட்டது, மென்பொருளில் ஒரு சின்னக் கோளாறு, திங்கட்கிழமையிலிருந்து வந்துவிடு, சம்பளமும் கூட்டித் தருகிறேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அண்ணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இஸ்திரிப் பெட்டி ஒரே காலரின் மேல் போய்ப் போய் வந்தது.

சிலேட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வருகிறேன் என்று சொன்னார். நிபந்தனை இல்லை, கோபம் இல்லை. பதினேழுக்குப் பேட்டரி மாற்றி இரண்டு மாதமாயிற்றே என்று மட்டும் கவலைப்பட்டார். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியைத் திறந்து, நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். அறிக்கையின் கடைசிப் பக்கம்.

"இது உன் கையெழுத்துதானேம்மா?"

ஆமாம் என்றேன்.

"பாத்துட்டுத்தான் போட்டியா?"

ஊரில் எல்லாரையும் பற்றிப் பேச எனக்கு வாய் இருக்கிறது. சிறுத்தை சாரைப் பற்றி, தம்பியைப் பற்றி, மெஷினைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினேன் அல்லவா. என்னைப் பற்றிச் சொல்ல ஒரே ஒரு வரிதான் இருந்தது. பார்க்காமல்தான் போட்டேன் அண்ணா என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் காகிதத்தை மடிக்க ஆரம்பித்தார்.

அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். என்னை நேராகப் பார்த்தார்.

"இவர் போனேன் போனேன்னு தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னாரு. நான் நம்பல. நீங்க பாக்காம கையெழுத்துப் போடமாட்டீங்கன்னு நான்தான் இவர்கிட்டச் சொன்னேன்."